யூனிஃபார்மைப் பார்த்தாலே வரும் வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஜூன் மாதம் திருப்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்து, இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஒரு மாதமாகக் காலையில் யூனிஃபார்மை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். கணவர் நடிப்பு என்கிறார். மாமியார் கண்ணு பட்டிருக்கு என்று சுத்திப்போடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் லீவாகிவிடுகிறது. அடித்து அனுப்புவதா, கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

பதில்: இரண்டும் வேண்டாம்மா.

முதலில் கணவரிடம் சொல்லுங்கள், அந்த வலி நடிப்பில்லை. பரீட்சை ஹாலுக்குள் நுழையும்போது அவருக்கும் ஒருகாலத்தில் வயிற்றைக் கலக்கியிருக்கும். பதற்றத்தில் குடலின் அசைவு மாறுகிறது, வலியும் கூடுதலாக உறைக்கிறது. ‘பயமா இருக்கு’ என்று நாம் வாயால் சொல்லிவிடுவோம். அந்த வயதில் வாய்க்கு முந்தி வயிறு சொல்லிவிடுகிறது.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலதுபக்க அடிவயிற்று வலி, எடை குறைவு, காய்ச்சல், தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம் என்று எது இருந்தாலும் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல், ஞாயிறு சாயங்காலம் முகம் வாடத் தொடங்கி, ‘சரி, இன்னைக்கு லீவு’ என்ற அரை மணி நேரத்தில் வலி காணாமல் போகிறதென்றால், முடிச்சு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

அது என்ன முடிச்சு என்று நாமாக ஊகிக்கக் கூடாது. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கும் இதே கதைதான். கணக்கு டீச்சர்மேல் பயம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வாட்டர் பாட்டில் காலையில் நிரப்பியது நிரப்பியபடியே திரும்பி வருவதை அம்மாதான் ஒருநாள் கவனித்தார். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. யாராவது திறந்துவிடுவார்களோ என்று அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். தாழ்ப்பாள் போட்டார்கள். பாதி வலி அதிலேயே போனது.

அதனால் ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: வலி வந்த நாள், நேரம், அன்றைய டைம்டேபிள், டிபன் பாக்ஸில் மிச்சம் வந்தது என்ன. ‘ஏண்டா போக மாட்டேங்குற?’ என்று எதிரில் நிறுத்திக் கேட்டால் பதில் வராது. அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். வண்டியில் போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் சின்னதாகக் கேளுங்கள். ‘மத்தியானம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?’ ‘இன்டர்வெல்ல எங்க நின்ன?’ ஊர் மாறிவந்த பிள்ளைக்குப் பாடத்தைவிட அந்தச் சாப்பாட்டு நேரம்தான் பெரும்பாலும் கஷ்டம்.

அவன் சொல்லும்போது உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். ‘திருப்பூர் ஃபிரண்ட்ஸ் ஞாபகம் வருதாப்பா?’ என்று ஏக்கத்துக்கு ஒரு பேர் கொடுத்தால் போதும். ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்ற வசனத்தை மட்டும் வீட்டில் யாரும் பேச வேண்டாம். அதைக் கேட்டு வளர்ந்த அப்பாக்கள் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து, பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லீவு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். போகாமல் இருந்தால் அந்த நிமிடம் நிம்மதி, மறுநாள் பயம் இரட்டிப்பு. பள்ளியில் யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை என்று தெரிந்தபின், அரை நாளாவது அனுப்புங்கள். தவிர்க்க முடியாமல் வீட்டில் இருந்தால் பள்ளி நேரம் முடியும்வரை டிவி, மொபைல் கிடையாது. திட்டும் கிடையாது. கேட்டில் விடும்போது ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால், உள்ளே ஏதோ ஆபத்து இருக்கிறது என்று அவன் முடிவு செய்துவிடுவான்.

வகுப்பு டீச்சரிடம் ‘பார்த்துக்கோங்க மிஸ்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். காலையில் முதல் ஐந்து நிமிடத்துக்கு நோட்டு அடுக்குவது போல ஒரு வேலை, பக்கத்தில் சாதுவான ஒரு பையன், கேட்டதும் பாத்ரூம் போக அனுமதி என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்தப் பையனையே ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம், ஒரு கேரம் போர்டு. வகுப்பு முழுக்க நண்பர்கள் தேவையில்லை, ஒருவன் போதும்.

அடி, மிரட்டல் என்று தெரியவந்தால் அது வேறு கதை. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். யாராவது தப்பாகத் தொட்டார்கள் என்று சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால், ‘செத்துப் போயிடலாம்’ போன்ற பேச்சு வந்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாமியாரைத் தடுக்காதீர்கள். உப்பும் மிளகாயும் சுற்றும் அந்த ஐந்து நிமிடமும் பையன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான், எதிரில் அவசரமில்லாத ஒரு மனுஷி. சுத்திப்போட்ட கையோடு, மத்தியானம் யாருகூடச் சாப்பிட்டான் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.