டோக்கன்தான் தொலைந்திருக்கிறது

கேள்வி: போன வருடம் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். தம்பியின் கேமராவில் அறுநூறு படம் எடுத்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றாமல் நாளை, நாளை என்று தள்ளிவிட்டோம். ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு கார்டைப் போட்டால் 'கார்டு பிழை, ஃபார்மேட் செய்யவும்' என்று கேமராவில் வந்தது. தம்பி பதற்றத்தில் 'ஓகே' அழுத்திவிட்டான். வேலை செய்கிறதா என்று பார்க்க நாலு படமும் எடுத்துவிட்டான். லேப்டாப்பில் 32 ஜிபி என்று சரியாகக் காட்டுகிறது. உள்ளே அந்த நாலு படம்தான். கடையில் 8,000 ரூபாய் கேட்கிறார்கள், நூறு சதவீத கேரண்டி என்கிறார்கள். கொடுக்கலாமா? சல்லடை வழியாகக் கலசத் தண்ணீர் ஊற்றும்போது அப்பா கண்ணை இறுக்கி மூடிச் சிரிக்கும் படம் ஒன்று அதில் இருக்கிறது.
- வாசகி, சேலம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். கேமரா சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன்கள் மொத்தமும் தொலைந்துபோனால் எது யாருடையது என்று தெரியாது, அவ்வளவுதான். செருப்பெல்லாம் அலமாரியிலேயே இருக்கும். கேமராவில் வழக்கமாகச் செய்யும் ஃபார்மேட்டும் அப்படித்தான், டோக்கன் கணக்கை மட்டும் அழிக்கும். ('லோ லெவல் ஃபார்மேட்' என்று தனியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு, அது செருப்பையும் சேர்த்து அழித்துவிடும். தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) பழைய படங்களின் மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் அவை உண்மையில் போகின்றன. தம்பி எடுத்த நாலு படமும் சேர்ந்து 30, 40 எம்பி இருக்கலாம். 32 ஜிபியில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே, இனி ஒரு படம்கூட அதில் எடுக்கக் கூடாது. கார்டின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளக்கூடிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். லேப்டாப்பில் செருகும்போது 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை நான் சரி என்று சொல்லிவிட்டு, படங்களுக்குப் பதிலாக 'சிஹெச்கே' என்று முடியும் கோப்புகளாக ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். டெஸ்ட்டிஸ்க் என்ற பெயரில் தரவிறக்கினால் அதோடு சேர்ந்தே வரும். ஃபோட்டோரெக் வெறும் எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரையாகத் திறக்கும். அதைப் பார்த்துப் பயமாக இருந்தால், அதே மூட்டையில் இருக்கும் க்யூஃபோட்டோரெக்கைத் திறங்கள். இது டோக்கனைத் தேடாது, ஒவ்வொரு செருப்பாக முகம் பார்த்து எடுக்கும். ஜேபெக் (கேமராக்கள் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் வடிவம்) படம் எதுவானாலும் தொடக்கம் ஒரே மாதிரி இருக்கும். கார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தத் தொடக்கத்தைத் தேடிக்கொண்டே போகும். மீட்டதை எங்கே வைக்க என்று கேட்கும்போது லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். தவறியும் அதே கார்டைக் காட்டிவிடாதீர்கள். பழைய பெயர்கள் போய், எண்களாக வந்து குவியும். படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், தேதிவாரியாக அடுக்கினால் திருக்கடையூர் நாள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வரலாம். வீடியோக்கள் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் மீள்வது கஷ்டம்.

லேப்டாப்பில் 32 ஜிபி என்று சரியாகக் காட்டுவதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கார்டே தெரியவில்லை, அல்லது பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால் கோளாறு உள்ளே இருக்கும் சில்லில். அதற்கு எந்த மென்பொருளும் உதவாது, கார்டிலிருந்து படங்களை மீட்கும் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களிடம்தான் போக வேண்டும். பாதி தேடும்போதே கார்டு காணாமல் போய்ப் போய் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போக நேர்ந்தால், மீட்ட படங்களின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பணம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கார்டைத் திறந்துகூடப் பார்க்காமல் நூறு சதவீதம் என்று சொல்லும் கடைக்காரரிடம் நான் என் கார்டைக் கொடுக்க மாட்டேன். படங்கள் கிடைத்ததும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பிழை காட்டிய கார்டை மறுபடி கேமராவில் போடாதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை இன்றே தொடங்கலாம். கலசத் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் உங்கள் தம்பி மட்டுமா படம் எடுத்திருப்பார்? அத்தை, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார் என்று நாலைந்து செல்போனாவது உயர்ந்திருக்கும். சடங்குக்கு ஏற்பாடு செய்தவர் மூலமாக உள்ளூர் போட்டோகிராபர் யாராவது வந்திருந்தால் அவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். உறவுக்காரர்களிடம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப்போய், பெரிதாக்கிப் பார்க்கும்போது அப்பாவின் முகம் மங்கிவிடும்.