'பார்' பார்த்து வாங்காதீர்கள்: சிறிய எஸ்பிரெசோ மெஷின், சில கேள்விகள்

ஒரு மெஷினில் 15 பார் என்றும் இன்னொன்றில் 20 பார் என்றும் போட்டிருக்கிறார்கள். 20 தானே மேல்?

இல்லை. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. அட்டைப்பெட்டியில் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட முதலில் யோசனை சொன்னவர் நல்ல விற்பனையாளராக இருந்திருக்க வேண்டும். எஸ்பிரெசோ என்பது நுண்ணிய காப்பித்தூள் வழியே வெந்நீரை அழுத்தி இறக்கும் திடமான காப்பி. அது இறங்கும்போது தூளின்மேல் இருக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 9 பார்தான். 15, 20 என்பவை தண்ணீர் போக வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் பம்ப் எட்டக்கூடிய உச்சம். ஒழுங்கான மெஷினில் மிகுதி அழுத்தத்தை வெளியேற்றிவிட ஒரு வால்வு இருக்கும். 1961இல் ஃபயேமா நிறுவனம் ஈ61 மெஷினில் மின்சாரப் பம்ப் வைத்ததிலிருந்து கடை மெஷின்களும் இந்த 9ஐச் சுற்றித்தான் இயங்கி வருகின்றன. விளம்பரத்தில் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போங்கள்.

சமையல் மேடையில் ஓரடிகூட இடமில்லை. எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

அகலத்தை எல்லோரும் அளந்துவிடுகிறார்கள். டெலோங்கி டெடிகா 15 செ.மீ. அகலம்தான், ஒரு இடுக்கில் அடங்கிவிடும். ஏமாற்றுவது உயரம். தண்ணீர்த் தொட்டியை மேலே தூக்கித்தான் எடுக்க முடியும் என்றால், தலைக்குமேல் அலமாரி இருக்கும் இடத்தில் தினமும் மெஷினை முன்னால் இழுத்தாக வேண்டும். நீராவிக் குழாய் திரும்பவும், பால் குவளையைச் சாய்த்துப் பிடிக்கவும் பக்கத்தில் ஒரு கையளவு இடம் விடுங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் கோப்பை அடியில் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். சிறிய மெஷின் எடை குறைவானது. தூள் வைத்த கைப்பிடியைத் திருகிப் பூட்டும்போது மொத்த மெஷினும் கூடவே திரும்பும். ஒரு கையால் அதன் தலையை அழுத்திக்கொள்ளப் பழக வேண்டும். காப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கும் இடம் வேண்டும். அது அடுத்த பதில்.

முழுப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டு, அரைத்த தூளையே வாங்கிக்கொள்ளலாமா?

நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் அந்த மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். அன்றே அதே மெஷின் யோக்கியமானதாக மாறிவிட்டது.

காரணம் எளிது. 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீரை 25 முதல் 30 நொடி தடுத்து நிறுத்துவது தூளின் நுண்மைதான். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். துகள்கள் சற்றுப் பெரிதானால் தண்ணீர் ஓடிவிடும், சற்றுச் சிறிதானால் சொட்டுச் சொட்டாக வடியும். அந்த அளவு ஒவ்வொரு வகைக் கொட்டைக்கும் மாறும், கொட்டை பழையதாக ஆகவும் மாறும். பையில் வரும் தூளில் நீங்கள் எதையும் மாற்ற முடியாது. தட்டையான கத்தி சுழலும் கிரைண்டரில் பொடியும் நொய்யும் கலந்தே வரும். இரு பல்சக்கரங்களுக்கு இடையே நசுக்கி அரைப்பதுதான் வேண்டும். என்னைக் கேட்டால் கையிருப்பில் பாதியை கிரைண்டருக்கு ஒதுக்குவேன்.

தூள்தான் என்று முடிவு செய்துவிட்டால், பெரும்பாலான சிறிய மெஷின்களோடு வரும் இரட்டைச் சுவர் வடிகூடையைப் பயன்படுத்துங்கள். கைப்பிடிக்குள் தூளைத் தாங்கும் சிறு உலோகக் கிண்ணம்தான் வடிகூடை. அதன் அடியில் ஒரே ஒரு நுண்துளை இருக்கும். தூள் செய்ய வேண்டிய தடையை அந்தத் துளை செய்யும். மேலே வரும் நுரை அந்தத் துளையின் கைவேலை, காப்பியின் சிறப்பல்ல. அதனால் குடிக்கக் கூடாதென்று இல்லை. நல்ல எஸ்பிரெசோவின்மேல் தானாகப் படியும் பொன்னிற நுரையான கிரெமா என்று மட்டும் சொல்லிக்கொள்ளாமல் குடியுங்கள்.

தெர்மோபிளாக்கா, பாய்லரா?

தெர்மோபிளாக்கில் சூடான உலோகக் கட்டிக்குள் ஓடும் மெல்லிய பாதையில் தண்ணீர் போகும்போதே கொதிநிலைக்கு நெருங்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் தயார். பிரெவில் பாம்பினோ 3 நொடி போதும் என்கிறது. ஆனால் சூடாவது தண்ணீர்தான். கைப்பிடியும் கோப்பையும் குளிர்ந்தே கிடக்கும், முதல் காப்பி புளிக்கும். தூள் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டால் அது தீரும்.

காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்றவை ஒற்றைப் பாய்லர் வகை: காப்பிக்கும் நீராவிக்கும் ஒரே சிறு கலத்தில்தான் தண்ணீர் சூடாகும். 'தயார்' என்று காட்டும் விளக்கு சில நிமிடத்திலேயே ஒளிர்ந்துவிடும், நம்பாதீர்கள். கனமான பித்தளைப் பாகங்கள் முழுதாகச் சூடேற 15, 20 நிமிடம் பிடிக்கும். காப்பி இறக்கியபின் நீராவிக்காகச் சூட்டை ஏற்றிக் காத்திருக்க வேண்டும், அடுத்த காப்பிக்கு அதை மறுபடி இறக்க வேண்டும். வீட்டில் நான்கு பேருக்குப் பால் நுரையோடு வேண்டுமென்றால் இந்த ஏற்ற இறக்கமே வேலையாகிவிடும். ஆனால் உள்ளே எல்லாம் திருகாணியில் நிற்பவை. பழுதானால் பிரித்து உதிரிபாகம் மாற்றலாம், பல ஆண்டுகள் ஓடும்.

காலையில் அவசரமாக ஒரு கோப்பை போதுமென்றால் தெர்மோபிளாக். கருவியோடு மல்லுக்கட்டுவது பிடிக்குமென்றால் பாய்லர். நான் இரண்டாவது ரகம். அதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடியின் விட்டம் 51, 54, 58 மி.மீ. என்று இருக்கின்றன. எது நல்லது?

58 கடை மெஷின்களின் அளவு, அதனால் டேம்பர் (தூளை அழுத்தும் கருவி), வடிகூடை எல்லாம் எளிதாகக் கிடைக்கும். சுவையை இந்த எண் தீர்மானிப்பதில்லை.

புதிய மெஷின், புதிய கிரைண்டர். 12 நொடியில் கோப்பை நிறைந்துவிடுகிறது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பொறுங்கள். ஒரு சிறிய தராசு எடுத்து, 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். கூடை சிறிதென்றால் 14க்கு 28. 25 நொடிக்கு முன்பே இறங்கினால் கிரைண்டரை ஒரு படி நுண்மையாக்குங்கள். தூளின் எடையை மாற்றாதீர்கள், இன்னும் ஓங்கி அழுத்தவும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கசந்து, சொட்டுச் சொட்டாக வந்தால் எதிர்த்திசையில் போங்கள்.

மெஷினுக்குள் தண்ணீரால் சேரும் உப்புப் படிவைப் போக்க வினிகர் ஊற்றலாமா?

வேண்டாம். வாடை போகப் பல தொட்டித் தண்ணீர் ஆகும், ரப்பர் வளையங்களுக்கும் நல்லதல்ல. தயாரிப்பாளர் சொல்லும் படிவுநீக்கி மருந்தே பாதுகாப்பானது. கடினநீர் என்றால் அடிக்கடி செய்ய வேண்டிவரும். படிவுக்குப் பயந்து காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றாதீர்கள்: காப்பி சப்பென்று இருக்கும், சில மெஷின்களின் உணரிகளுக்குத் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாது.