ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிய தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். ஆகஸ்டில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து, செப்டம்பரில் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாய். "காலையில் கிளம்பும்போதும் இருட்டு, வீட்டுக்கு வந்து பையை வைப்பதற்குள் மறுபடி இருட்டு. நாலு பீரியட், பஸ், வீட்டுப்பாடம், தூக்கம். மறுநாளும் அதேதான். ஊரில் இதைவிட அதிகமாகப் படித்தேன், ஆனால் இப்படி அலுத்துப்போனதில்லை. எந்நேரமும் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறது. வீட்டில் சொன்னால் 'உனக்காகத்தானே வந்தோம்' என்கிறார்கள். இது எப்போதாவது மாறுமா அக்கா?" என்று கேட்டிருந்தாய்.

மாறும். எனக்கு மாறுவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் முதல் ஒரு வருடம், என்னை எது வாட்டுகிறது என்றே தெரியாமல் போய்விட்டது. உனக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் 2010-இல் வந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. முதல் வாரம் முழுக்க லாக்கர் பூட்டோடு போராடினேன். வலப்பக்கம் இரண்டு சுற்று சுற்றி முதல் எண், இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று தாண்டி இரண்டாவது எண், மறுபடி வலப்பக்கம் மூன்றாவது. மணி அடிக்கும், தாழ்வாரம் காலியாகும், நான் மட்டும் அந்த வட்டைத் திருகிக்கொண்டு நிற்பேன். அப்புறம் லாக்கர் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எல்லாப் புத்தகத்தையும் குளிர்கோட்டையும் நாள் முழுக்கச் சுமந்துகொண்டே திரிந்தேன். யாரையாவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த 'யாரையாவது' யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் அலுப்புக்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊரில் நமக்கு 'நம்ம கிளாஸ்' என்று ஒன்று இருந்தது. ஜூனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தோமோ, முழுப் பரீட்சை வரை அவர்களோடுதான். ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். கணக்கு வாத்தியார் திட்டினால் நாற்பது பேரையும் சேர்த்துத் திட்டுவார், அவர் வெளியே போனதும் நாற்பது பேரும் சேர்ந்து சிரிப்போம். அங்கேயும் தினமும் அதே மணி, அதே பாடம்தான். ஆனால் நாளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

இங்கே ஆசிரியர் தன் அறையிலேயே இருக்கிறார், பிள்ளைகள் நகர்கிறார்கள். 75 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் கலைந்து வேறு கூட்டமாகிவிடும். வேதியியலில் உன்னோடு சோதனை செய்தவன் ஆங்கில வகுப்பில் இருக்க மாட்டான். ஒருவழியாக நாலு பேரின் பெயர் தெரிந்து பேச ஆரம்பிக்கும்போது, ஜனவரி கடைசியில் செமஸ்டர் முடிந்து, பிப்ரவரியில் நாலு பாடமும் மாறி, நாலு கூட்டமும் மாறிவிடும். கிண்டர்கார்டனிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவர்கள் மதிய இடைவேளையில் தங்கள் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்கள். நமக்குத்தான் மதியம் என்பது கடக்க வேண்டிய ஒரு மணி நேரம். நான் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாராவது வந்தால் கால்களை ஒடுக்கி வழி விடுவேன். "சாரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில நாட்கள் பள்ளியில் என்னிடம் பேசப்பட்ட ஒரே வார்த்தை அதுதான்.

அதனால் உன்னிடம் முதலில் சொல்ல விரும்புவது இது. வாரத்தில் ஒரே ஒரு இடமாவது, அதே முகங்கள் திரும்ப வருகிற இடமாகப் பிடித்துக்கொள். பாடத்தில் அது நடக்காது, அதற்கு வெளியேதான் தேட வேண்டும். செஸ் கிளப், நாடகத்துக்கு விளக்குப் போடும் குழு, ரோபாட்டிக்ஸ், பேட்மின்டன், எதுவாகவும் இருக்கட்டும். திறமை இருக்கிறதா என்று யோசிக்காதே. செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு அதே ஏழு பேர் அங்கே இருக்கிறார்களா என்று மட்டும் பார்.

எனக்கு அந்த இடம் கிடைத்தது சமூக சேவையால். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்க 30 கிரெடிட்டோடு (பொதுவாக ஒரு பாடத்தை முடித்தால் ஒரு கிரெடிட்) 40 மணி நேர சமூக சேவையும் வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். பலர் அதைக் கடைசி வருடம் வரை தள்ளிப்போட்டு, பிறகு எங்கேயாவது ஓடி ஓடி முடிப்பார்கள். நீ இப்போதே தொடங்கு. ஒரே இடத்தில், வாரம் இரண்டு மணி நேரம் என்று செய். நான் பொது நூலகத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போனேன். என் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கூச்சம். ஆறு வயதுப் பையன் ஒருவன், நான் தவறாகச் சொன்ன ஒரு டைனோசர் பெயரைத் திருத்திவிட்டு, "சரி, மேலே படி" என்று என் மடியில் சாய்ந்துகொண்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு மனித உடம்பின் எடை என்மேல் சாய்ந்தது என்று அன்று இரவு அம்மாவிடம் சொல்லி அழுதேன். அங்கே என்னோடு வேலை செய்த எத்தியோப்பியப் பெண் ஒருத்தி என் பள்ளியிலேயே படிக்கிறாள் என்பது நாலாவது வாரம்தான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து படிக்கட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தோம். இன்றைக்கும் அவள்தான் என் நெருங்கிய தோழி.

சரி, இப்போது அந்த 'பாக்கி இருக்கிற மாதிரி' உணர்வுக்கு வருகிறேன். ஊரில் அழுத்தமெல்லாம் பொதுத் தேர்வில் வந்து குவியும். கொட்டித் தீர்க்கிற மழை மாதிரி. தேர்வு முடிந்த அன்று மாலை வானம் வெளுத்துவிடும். இங்கே அப்படி ஒரு நாள் இல்லை. ஒரு பாடத்தின் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு செமஸ்டர் முழுக்கச் செய்கிற வேலையிலிருந்தும், 30 விழுக்காடு இறுதித் தேர்விலிருந்தோ இறுதி ப்ராஜெக்டிலிருந்தோ வருகிறது. வியாழக்கிழமை ஒரு குவிஸ், வெள்ளிக்கிழமை ஒரு லேப் அறிக்கை, திங்கட்கிழமை ஒரு பிரசன்டேஷன் என்று தூறல் நிற்காது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கணக்கில் வருவதால், ஒரு நாள்கூட மனசு ஓய்வெடுக்காது.

ஆனால் எது கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. பாடம் பதிவதற்காக அன்றாடம் தருகிற வீட்டுப்பாடம் மதிப்பெண்ணில் சேரக் கூடாது என்பது மாகாணத்தின் விதி. அதைச் செய்யாவிட்டால் பாடம் புரியாது, அது வேறு விஷயம். ஆனால் ஒரு நாள் முடியாமல் போனால் உலகம் கவிழாது. அதேபோல ஆசிரியர் இறுதி மதிப்பெண் போடும்போது வெறும் சராசரி மட்டும் பார்ப்பதில்லை. நீ சீராகக் காட்டுகிற தரம் என்ன, சமீபத்தில் எப்படிச் செய்திருக்கிறாய் என்பதற்குக் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் மொழி புரியாமல் வாங்கிய 58, டிசம்பரில் நன்றாகச் செய்தால் உன்னைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் போய், "இந்தப் பகுதியை இப்போது என்னால் நன்றாகச் செய்ய முடியும், காட்ட ஒரு வாய்ப்புக் கிடைக்குமா?" என்று கேள். ஊரில் இப்படிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்பார்கள். இங்கே கேட்பவனைத்தான் அக்கறையுள்ள மாணவன் என்று பார்ப்பார்கள்.

ஒரு பாடம் சுத்தமாக ஒத்துவரவில்லை என்றால், செமஸ்டர் நடுவில் மதிப்பெண் அட்டை தந்த பிறகும் 5 பள்ளி நாட்கள் வரை அதை விட்டுவிடலாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் அதற்குப் பிறகு விட்டால்தான் பதிவேட்டில் ஏறும். நான்கு வருடத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஐந்தாவது வருடம் தங்கிப் படிப்பவர்கள் நிறைய. அதை இங்கே விக்டரி லாப் என்பார்கள். தாமதமாக வந்து சேர்ந்த நமக்கு அது தோல்வியே இல்லை. ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பில் போட்டால் வெட்கப்படாதே. அந்தக் கிரெடிட்டுகளில் மூன்று வரை கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டுகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். பல்கலைக்கழகத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் உட்பட 6 பாடங்களின் மதிப்பெண்தான் முக்கியம். பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சில இடங்களில் முன்கூட்டியே அனுமதி தருவார்கள், ஆனால் கதவு அதோடு மூடிவிடாது.

வீட்டில் 78 என்று சொன்னால் முகம் வாடுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே 70 முதல் 79 வரை மூன்றாம் நிலை. மாகாணம் எதிர்பார்க்கிற தரமே அதுதான். போட்டி அதிகமான பொறியியல், கணினிப் படிப்புகளுக்குத் தொண்ணூறுகள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வந்து நாலே மாதமான பையனின் 78, பிளஸ் டூவில் வாங்குகிற 78 இல்லை. இதை அப்பாவுக்குப் புரியவைக்க உன்னால் முடியாவிட்டால், பள்ளியில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவுகிற ஸ்விஸ் (SWIS) பணியாளர் இருக்கிறாரா என்று அலுவலகத்தில் கேள். சில இடங்களில் தமிழ் பேசுபவரே இருப்பார். காசு எதுவும் கிடையாது. ஒரு பெரியவர் எடுத்துச் சொன்னால் நம் வீடுகளில் காதில் விழும்.

"உனக்காகத்தானே வந்தோம்" என்ற வார்த்தையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா ஊரில் பொறியாளர். இங்கே கிடங்கில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு அவர் பூட்ஸைக் கழற்றும்போது நான் ஷூவை மாட்டுவேன். அந்த வாசலில் நாங்கள் பார்த்துக்கொள்கிற இரண்டு நிமிடத்தில், "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்பார். "நல்லா போகுதுப்பா" என்பேன். வேறு என்ன சொல்வது? அவருடைய கால் வீங்கியிருக்கும். நான் வாங்குகிற ஒவ்வொரு மதிப்பெண்ணும் அந்த வீக்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றும். உன் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் பாதி இந்தக் கனம்தான், பாடத்தின் கனம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அதற்கு முன்னால் பலமுறை "கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறேன். "எங்களுக்கு இல்லாத கஷ்டமா" என்ற பதில்தான் வரும். அன்று வேறு மாதிரிச் சொன்னேன். "அம்மா, நான் தினமும் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இந்த வாரம் புதன்கிழமை யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை." அவ்வளவுதான். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அப்படித்தாண்டி சாப்பிடுகிறேன், வேலை இடத்தில்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் மதிப்பெண் பேச்சுக்கு முன்னால் வேறு ஒரு கேள்வி வந்தது. "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்டே?" நீயும் பொதுவாகக் கஷ்டம் என்று சொல்லாதே. ஒரு நாளில் நடந்ததை அப்படியே சொல்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பதின்ம வயதில் உடம்புக்குத் தூக்கம் வருவதே தள்ளிப்போகும், அது சோம்பேறித்தனம் கிடையாது. நள்ளிரவில் இணையத்தில் புது மதிப்பெண் போட்டிருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிற பழக்கம் உனக்கும் இருந்தால் நிறுத்து. வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். டிசம்பரில் டொராண்டோ பக்கம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடமாவது வெளியே நட. குளிருக்குப் பயந்து நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பகல் வெளிச்சமே படாமல் இருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றை மறைக்காமல் சொல்கிறேன். அலுப்பு வேறு, மனச்சோர்வு வேறு. பிடித்த விஷயங்கள்கூட இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், இதைப் படித்து முடித்ததும் யாரிடமாவது பேசு. கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் 1-800-668-6868, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பேசக் கூச்சமாக இருந்தால் 686868-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால் 988. பள்ளியில் கைடன்ஸ் கவுன்சிலரும் இருக்கிறார். அவரைப் பாடம் தேர்ந்தெடுக்க மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்துவிடாதே.

புது செமஸ்டர் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. எல்லாரும் எந்த அறை என்று தேடி அலைகிற நாள் அது, உள்ளூர்ப் பிள்ளைகள் உட்பட. அன்று ஒருவனிடமாவது, "இந்த அறை எங்கே இருக்கிறது?" என்று கேள், உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள். அவனும் அங்கேதான் போகிறான் என்றால் கூடவே நட. எந்தக் கிளப்பில் சேர்ந்தாய் என்று எனக்கு எழுது. லாக்கர் திறக்கவில்லை என்றாலும் எழுது.