சென்ட் 5 லட்சம், சதுர அடி 1,250: எது மலிவு?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில், கன்னங்குறிச்சி பக்கம் 5 சென்ட் காலி இடம் பார்த்தோம். சென்ட் 5 லட்சம் என்கிறார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் 30-க்கு 40 மனை ஒன்று, சதுர அடி 1,250 ரூபாய். எதை வாங்கினாலும் 5 லட்சம் கடன் வாங்க வேண்டும். தெரிந்தவர் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குத் தருகிறார். பேங்க்கில் 9 சதவீதம். எது நல்லது ஐயா? – சேலம் வாசகர்

பதில்: இரண்டு இடத்தையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதை 1,250-ஆல் பெருக்கினால் 5,44,500 ரூபாய். ஆக, அயோத்தியாப்பட்டணம் மனைதான் சென்டுக்கு 44,500 ரூபாய் கூடுதல்.

இதோடு முடிவு செய்துவிடாதீர்கள். அடிவாரத்து இடத்தின் பட்டாவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பட்டாவில் 2 ஏர் என்று இருந்தால் இடம் 4.94 சென்ட்தான். வாய்ப்பேச்சில் அதை முழுசாக 5 சென்ட் என்று சொல்வது சகஜம். ஆனால் அந்தத் துளி வித்தியாசத்துக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 29,000 ரூபாய்.

அதைவிடப் பெரிய விஷயம் பாதை. அந்த 5 சென்டுக்குள்ளேயே வழி விட வேண்டுமா என்று கேளுங்கள். அரை சென்ட் பாதைக்குப் போனால், 25 லட்சத்துக்கு உங்கள் கைக்கு வருவது நாலரை சென்ட். அப்போது சென்ட் விலை 5.55 லட்சத்தைத் தாண்டிவிடும். மலிவாகத் தெரிந்த இடமே விலை கூடியதாகிவிடும். அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் சாலையைக் கழித்துவிட்டுத்தான் மனை அளவு சொல்வார்கள். அதனால் சர்வேயரை வைத்து அளந்து, வீடு கட்டக் கிடைக்கும் பரப்பால் மொத்த விலையை வகுத்துப் பாருங்கள்.

வட்டியிலும் இதே கதைதான். ஒன்றரை என்பது மாதத்துக்கு, 9 என்பது வருஷத்துக்கு. ஒன்றரையை 12-ஆல் பெருக்கினால் 18 சதவீதம். 5 லட்சத்துக்கு வருஷம் 90,000 ரூபாய். பேங்க்கில் முதல் வருஷமே 45,000-க்கு மேல் போகாது. அசல் குறையக் குறைய வட்டியும் இறங்கும். கைமாற்று வேண்டவே வேண்டாம்.

மனைக்குக் கடன் தர பேங்க் பெரும்பாலும் டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் கேட்கும். அந்த நகலை வாங்கி, பேங்க் மேலாளரிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.