“அறைக்கு வா” என்றால் போகவேண்டுமா? பகிடிவதை பற்றிய கேள்வி பதில்

புது பற்ச் பிள்ளைகள் கம்பஸுக்குப் பெட்டி கட்டும் காலம் இது. பல வருடம் மாணவ ஆலோசகராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பகிடிவதை, அதாவது சீனியர்மார் புதுப் பிள்ளைகளைத் துன்புறுத்தும் ‘ராக்’, பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மிஸ், சீனியர் அண்ணாமார் பின்னேரம் கொக்குவிலில இருக்கிற தங்கட அறைக்கு வரச் சொல்லினம். வெளியில நடந்தா கம்பஸ் ஒண்டும் செய்யேலாதாம். உண்மையா? (முதலாம் வருட மாணவன், திருநெல்வேலி)

இல்லைத் தம்பி. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டப்படி, கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் பகிடிவதை குற்றம்தான். செய்தவர் மட்டுமல்ல, கூட நின்று பங்குபற்றியவரும் குற்றவாளி. இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை, அதோடு நட்டஈடும் கட்டவேண்டி வரலாம். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து ஆண்டு வரை போகும்.

போகவேண்டாம். “இண்டைக்கு வர ஏலாது அண்ணா” என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. யார், எப்போது, எங்கே கூப்பிட்டார்கள் என்பதை அன்றைக்கே வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

மகளுக்கு இரவு பதினொரு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் கோல் வருது. போனோடு குளியலறைக்குள் போறாள், அழுத கண்ணோட வாறாள். “அடிக்கேல்லை அம்மா, கதைக்கிறது மட்டும்தான்” எண்டுறாள். இதுவும் பகிடிவதையா? (ஒரு தாய், முல்லைத்தீவு)

ஆம் அம்மா. உடற்காயம் மட்டுமில்லை, மனவேதனையும் பயமும் உண்டாக்குகிற செயலும், உண்டாக்கக்கூடிய செயலும் சட்டத்தின் கண்ணில் பகிடிவதைதான். கை படவேண்டும் என்றில்லை.

போனைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த நாள் “ஏன் எடுக்கேல்லை” என்று அவள்தான் வாங்கிக் கட்டவேண்டும். உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவாள். பக்கத்தில் இருந்து, “யாரோடு சாப்பிடப் போறனீ?” என்பதுபோல் சின்னதாய்க் கேளுங்கள். கதை அங்கிருந்து வரும். வந்த செய்திகளையும் கோல் விபரங்களையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பிரதி ஒன்றை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனம் மிகவும் சோர்ந்து தெரிந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல உதவிச் சேவை அது.

என்ர அறைத் தோழனை நேற்று இரவு முழுக்கத் தோப்புக்கரணம் போட வைச்சவை. கால் வீங்கிக் கிடக்கு. பனடோலோ வேற நோக்குளிசையோ குடுத்துப் படுக்க விடட்டா?

வேண்டாம். இப்போதே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒருமுறை ஒரு பிள்ளை என் அறைக்கு வந்தான். கதிரையின் கைபிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல இறங்கித்தான் அவனால் இருக்க முடிந்தது. “விளையாடினது மிஸ்” என்றான். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, “பிளேன்ரீ மாதிரி” என்றான். அன்றைக்கே வைத்தியசாலையில் அனுமதித்துவிட்டார்கள்.

அளவுக்கு மீறிய உடற்பயிற்சியில் தசை சிதையும். அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்க விடாமல் செய்திருந்தால் இன்னும் மோசம். சில நோக்குளிசைகள் அந்தச் சேதத்தைக் கூட்டும். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மேலே சொன்ன சட்டம் அதற்கு அடுத்த வருடம் வந்தது. வைத்தியரிடம் “விழுந்திட்டன்” என்று சொல்லவேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். அந்தப் பதிவு பிறகு சாட்சியாகவும் நிற்கும்.

நாங்களும் வாங்கித்தான் வந்தனாங்கள். ராக் இல்லாட்டி பற்ச் ஒற்றுமை வராது, ஜூனியர்மார் மதிக்கவும் மாட்டினம். (மூன்றாம் வருட மாணவன்)

நேரே சொன்னதற்கு நன்றி, தம்பி. உங்களுக்கு நடந்ததும் பிழைதான். அப்போது நாங்கள் உங்களைக் காக்கத் தவறினோம், அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பரீட்சைக்கு முதல் கிழமை குப்பி எடுத்து, பாடம் சொல்லித் தந்த அண்ணாவை நினைவிருக்கிறதா? காய்ச்சலில் கிடந்தபோது சோறு கட்டிக்கொண்டு வந்த அக்காவை? இருட்டில் வரிசையில் நிறுத்தி, ஊர்ப்பெயரைச் சொல்லச் சொல்லிச் சிரித்தவனை அப்படி நினைக்கிறீர்களா? பயத்தில் ஒன்றாக நிற்கிற பிள்ளைகள் வெளிச்சம் வந்ததும் கலைந்துவிடுவார்கள். இந்த முறை வருகிறவர்களுக்கு முதல் நாளே சாப்பாட்டுக்கடையைக் காட்டுங்கள், நூலகத்தைக் காட்டுங்கள், பழைய வினாத்தாளைக் கொடுங்கள்.

முறைப்பாடு செய்தா பெயர் வெளியில வருமா?

மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேளுங்கள். மாணவ ஆலோசகர், பீடாதிபதி, துணைவேந்தர், யாரிடமும் போகலாம். உள்ளே நம்பிக்கை இல்லாவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக முறையிடலாம். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பற்ச் சில மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம், அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் அந்தப் பாரம் குறையும்.

எங்கட மேல்மாடியில பெடியள் வாடகைக்கு இருக்கினம். இரவில சத்தம் கேக்குது. தலையிடலாமா? (வீட்டுக்காரர், கலட்டி)

கட்டாயம். கோண்டாவிலில் ஓர் அம்மா இருந்தார். மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டால், இரவு பத்து மணியானாலும் தேத்தண்ணி ஊற்றித் தட்டத்தில் வைத்துக்கொண்டு படியேறுவார். கதவைத் தட்டி, உள்ளே நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஊரையும் கேட்டு, குடித்து முடியும் வரை அங்கேயே இருப்பார். புதுப் பிள்ளைகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டுதான் கீழே இறங்குவார்.