நாலாவது ரியூசன் வேண்டாம் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் இரண்டாம் தடவையாக ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எடுக்கப் போகிறார், முதல் தடவை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, இணைந்த கணிதத்துக்கு வெள்ளவத்தையில் இன்னொரு வகுப்பிலும் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. இப்போது போகிற மூன்று வகுப்புகளே அவருக்கு அதிகம்.

அன்று மகன் கொண்டு வந்த ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். ரியூட், அதாவது வகுப்பில் கொடுக்கிற பயிற்சித் தாள்கள், எல்லாம் திகதி வாரியாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கணக்கின் கீழும் ஆசிரியர் பலகையில் செய்துகாட்டியது நீல மையில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் இருந்தது. "இதில் நீர் தனியாகச் செய்தது எது?" என்று கேட்டேன். கனநேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை சோம்பேறி இல்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பஸ்ஸில் நின்று அலைந்து, இரவு வீட்டுக்கு வந்த பிறகு தனியாக ஒரு கணக்கோடு மல்லுக்கட்ட அவருக்கு எங்கே நேரம்? வகுப்பில் பார்க்கும்போது எல்லாம் விளங்கும். பரீட்சை மண்டபத்தில்தான் முதல் வரி வராது. அந்த முதல் வரி, தானே செய்து பழகியவருக்குத்தான் வரும்.

இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றிலும் பகுதி ஏ-யில் 10 சிறிய வினாக்கள், பத்தும் கட்டாயம், ஒன்றுக்கு 25 புள்ளி. ஒரு வினாத்தாளின் 1000 புள்ளியில் 250 அங்கேயே இருக்கிறது. பிள்ளைகள் பகுதி பி-யின் பெரிய கணக்குகளுக்குப் பயந்து இதைக் கவனிப்பதில்லை. இன்று ஐந்தைச் சரியாகச் செய்கிறவர் எட்டுக்கு வந்தால் 75 புள்ளி கூடும், அதாவது அந்த வினாத்தாளில் நூற்றுக்கு ஏழரை. ஒரு வருடத்தின் இரண்டு வினாத்தாளிலும் சேர்த்து இப்படி 20 வினாக்கள். பத்து வருடத்துக்கு 200. நாளுக்கு ஒன்று செய்தால் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும். பழைய பாடத்திட்டத்து வினா ஏதாவது பொருந்தாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டு விட்டுவிடலாம்.

ஆகவே நாளுக்கு ஒரு கணக்குப் போதும். விடையைப் பார்க்காமல் செய்ய வேண்டும், பிறகு புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் தனியாக ஒரு கொப்பி வைத்து, எங்கே இடறியது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். "உராய்வின் திசையைப் பிழையாகப் போட்டேன்." "தொகுத்தறிவில் கடைசி முடிவை எழுதவில்லை." இப்படி எழுதினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது அவர் கண்ணிலேயே படும். எந்த அலகை மறுபடி படிக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்லத் தேவையிருக்காது. ஞாயிற்றுக்கிழமை அந்த வாரம் பிழைத்தவற்றை மட்டும் திரும்பச் செய்யட்டும்.

பௌதிகவியலுக்கும் இதே வழிதான். பல்தேர்வு வினா 50, நேரம் இரண்டு மணித்தியாலம். நாளுக்குப் பத்து வினாவை 24 நிமிடத்தில், மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தால் பரீட்சையின் வேகம் கைக்கு வரும்.

இவ்வளவு சிறிய வேலை எங்கே போதப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுவதும் எடுத்த சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறார் என்று கணக்கிட்டு, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள். அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி நான்கு தசம தானத்தில் வருகிறது. கொழும்பு மாவட்டத்தில் போட்டி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தசமங்களைத் தீர்மானிப்பது ஒவ்வொரு பாடத்திலும் தவறவிடுகிற இந்த ஐந்து பத்துப் புள்ளிகள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "எத்தனை மணித்தியாலம் படித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றைய கணக்கு முடிந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். காய்ச்சல் வந்த நாளோ, ஆடிவேல் திருவிழா பார்க்கப் போன நாளோ தவறினால் தவறட்டும். அடுத்த நாள் இரண்டாகச் செய்யச் சொல்ல வேண்டாம். கடன் சேரச் சேரப் பிள்ளை கொப்பியையே மூடிவிடும், இதை நான் நிறையப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தடவையும் புள்ளி போதாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். அங்கேயும் தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உள்ளவர்தான் முடிக்கிறார்.

இருக்கிற மூன்றில் ஒன்றை நிறுத்தினால்தான் இதற்கு நேரம் கிடைக்கும். எதை நிறுத்துவது என்று நீங்களோ அவருடைய அப்பாவோ முடிவு செய்ய வேண்டாம். மகனையே கேளுங்கள். எந்த வகுப்பில் வெறுமனே எழுதிக்கொண்டு மட்டும் வருகிறார் என்பது அவருக்குத் தெரியும்.