வாங்கும் முன்: இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

கருத்தடை மாத்திரை பற்றிய ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மிக்ஸி கியாரண்டி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தக்கட்டி அபாயம் இரண்டு மடங்கு" என்று செய்தி. மாமியார் படித்துவிட்டுச் சத்தம் போட்டார். அட்டையில் பாதி மீதி இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானா மேடம்?
– வாசகி, அழகாபுரம்

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டு வேறு தடுப்பு இல்லாமல் இருந்தால் கரு தங்கலாம். இப்போதைக்கு ஆணுறை பயன்படுத்துங்கள். அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

இனி அந்தத் தலைப்பு. இது எனக்குப் பல வருட எரிச்சல். எதிலிருந்து எதற்கு இரண்டு மடங்கு? ஆடித் தள்ளுபடியில் "50% குறைவு" என்று எழுதித் தொங்கவிட்டு, பழைய விலையை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கிற புடவைக் கடை மாதிரிதான் இதுவும்.

1995 அக்டோபரில் பிரிட்டனில் இதே கூத்து நடந்தது. புதிய வகை மாத்திரைகளால் ரத்தக்கட்டி அபாயம் இரண்டு மடங்கு என்று அங்கிருந்த மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பத்திரிகைகளும் டிவியும் பிடித்துக்கொண்டன. அன்றைய கணக்கில் பழைய வகை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய வகையில் இருவருக்கு. இரண்டு மடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் அந்த 7,000 யார் காதிலும் விழவில்லை. பல பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியது. கர்ப்பத்தில் ரத்தக்கட்டி அபாயம் அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிற்காலக் கணக்குகளில் எண்கள் கொஞ்சம் கூடின. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது இது: மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. பழைய வகையான லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரை (இரண்டு ஹார்மோன் சேர்ந்தது) சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 7 பேர். புதிய வகைகளான டெசோஜெஸ்ட்ரல், டிராஸ்பைரினோன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். ஆக, எந்த மாத்திரை என்று சொல்லாத செய்தியைப் படித்து ஒரு பயனும் இல்லை. உங்கள் அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒருவராக இருப்பவருக்குக் கணக்கு ஆறுதல் தராது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், திடீரென்று கடுமையான தலைவலியோ பார்வைக் கோளாறோ வந்தால், மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு வேனில் மூலிகைப் பொடி விற்றார்கள். மூன்று மாதம் சாப்பிட்டால் ஒரு வருடம் கரு தங்காதாம். மாத்திரையால் புற்றுநோய் என்று வந்த செய்தியை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். ரூ.1,800. பில் இல்லை. மனைவிக்கு இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது.
– வாசகர், நாகலூர்

உங்கள் மீது தப்பில்லை. பயத்தை முதலில் விற்றுவிட்டுப் பொடியை அப்புறம் விற்றிருக்கிறார்கள். என் வீட்டுப் பரணில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் தூங்குகிறது. "சேலம் தண்ணீரும் கிட்னிக் கல்லும்" என்று அரைப் பக்கக் கட்டுரை படித்து வாங்கியது. கீழே பொடி எழுத்தில் "விளம்பரம்" என்றிருந்தது. ஃபில்டர் மாற்ற வருகிறேன் என்ற ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

மனைவிக்கு இன்றைக்கே பரிசோதனை செய்யுங்கள், அந்தப் பொடியை நிறுத்துங்கள். மருத்துவரிடம் பொட்டலத்தையே காட்டுங்கள். கருத்தரிப்பைத் தடுக்கும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடத்து மருந்துகள், மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வேனின் படம், ஜிபேயில் பணம் போன விவரம் எது இருந்தாலும் இணையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனமே இந்த மாத்திரையைப் புகையிலையோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறதாமே?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

ஆமாம். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2005இல் கூட்டு மாத்திரைகளை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானவற்றில், வைத்தது. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதுதான் அந்தப் பட்டியலின் பேச்சு, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதில்லை. 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வு, 18 லட்சம் பெண்களைப் பார்த்துவிட்டு, ஹார்மோன் கருத்தடை எடுப்பவர்களில் ஏறக்குறைய 7,690 பேருக்கு வருடத்துக்கு ஒரு மார்பகப் புற்றுநோய் கூடுதல் என்றது. இதே மாத்திரை சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களைக் குறைக்கிறது. அது தலைப்பில் வராது.

எனக்கு வயது 38, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். தங்கையின் கருத்தடை மாத்திரை அட்டையை போட்டோ எடுத்துக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன். பில் கேட்டால் தகராறு செய்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?
– வாசகி, கொண்டலாம்பட்டி

பில் கிடக்கட்டும் அம்மா. தங்கையின் உடம்பும் உங்கள் உடம்பும் ஒன்றா? பி.பி. இருப்பவர்கள் கூட்டு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னுகிறவர்களும், 35 தாண்டிப் புகைபிடிப்பவர்களும், முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களும் அப்படித்தான். செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நீங்கள் பயப்படவில்லை. நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். சீட்டோடு போய் வாங்கினால் பில் கேட்க உங்களுக்கும் வாய் இருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் கருத்தடை மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். இலவசம் என்றால் மட்டமா?
– வாசகர், ஓமலூர்

இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல், எத்தினில் எஸ்ட்ராடியால் என்று கடையில் காசு கொடுத்து வாங்குகிற பழைய வகையில் உள்ள அதே மருந்துகள்தான். 28இல் கடைசி ஏழு இரும்புச் சத்து மாத்திரை.

காலாவதி ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. சாப்பிடலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

கூடாது.